வேஸ்ட் மூட்டை மலைப்பாதை

அன்புள்ள தெய்வானை,

உனக்குச் சொல்ல மூன்று கருத்துகள்:

1. ஜப்பானிய மலைப்பந்தய வீரர்கள்.
2. நம் கார்.
3. நீ கோத்தகிரியிலிருந்து பேருந்தில் வருவதே நல்லது.

நானே ஓட்டிவந்து அழைத்தால்தான் மகள் வீட்டிலிருந்து திரும்புவேன் என்றாய். அதனால் அந்த வீரர்களின் சிடி வாங்கிப் பார்த்தேன். வளைவுகளில் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டே திருப்புகிறார்கள். முகத்தில் பயமே இல்லை.

பனியன் கம்பெனி முற்றத்தில் வெட்டுத்துணி வேஸ்ட் மூட்டைகளை மலைப்பாதை வளைவுகளாக அடுக்கிப் பழகினேன். கியர் மாறி விழுந்து, கார் பின்னால் போய் மூட்டைகளுக்குள் புதைந்தது.

"ஏனுங்க, ஜப்பான்காரங்களும் ரிவர்ஸ்லதான் மலையேறுவாங்களாங்க?" என்றார் காவலாளி நாச்சிமுத்து.

காருக்குச் சேதமில்லை. மறுநாள் ஒரு மூட்டையையும் தொடாமல் எல்லா வளைவுகளிலும் காரைத் திருப்பினேன். அவர் கைதட்டினார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உன்னைப் பேருந்தில் வரச் சொல்வதற்கு இவ்வளவு பழகியிருக்க வேண்டியதில்லை. மூன்றாவது கருத்து தவறு. ஞாயிறன்று வருகிறேன், மதியச் சாப்பாட்டை மாலைக்கு வைத்துக்கொள்.

ஹாரன் அடிக்கவும் தயங்கும்
உன் வீட்டுக்காரன்