விளக்குச் சூடு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். எழுதினால்தானே தெரியும். போன் செய்தால் ஒத்திகை என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, பார்.

என் வண்ண சிகிச்சை அறைக்கு ஆள் வரத்து இருக்கிறது. சிரிக்காதே. தூக்கம் வராத பஸ் டிரைவருக்கு நீல விளக்கு, மனம் சோர்ந்துபோன பேங்க் அம்மாவுக்கு ஆரஞ்சு. டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நிறம் குணமாக்குகிறதோ இல்லையோ, நாற்பது நிமிஷம் அவர்களை யாரும் கூப்பிடாமல் படுக்க விடுகிறேன். அதற்கே பாதிப் பேர் தெளிந்து எழுந்து போகிறார்கள்.

விளக்கின் முன்னால் மாட்டுகிற ஆரஞ்சுத் தாள் வெளிறிவிட்டது. நம் குட்டி கடைசியாக உன்னோடு நாடக அரங்கத்துக்கு வந்த அன்று அவள்மேல் வெளிச்சம் போட்ட தாள். தங்கச்சி ஞாபகமாக இருக்கட்டும் என்று உன்னிடம் கேட்டு வாங்கினேனே, அதுதான். ஆறு வருஷம் ஓடிவிட்டது. அதே நிறத்தில் புதிதாக அனுப்பு.

இன்னொரு விஷயம். ஆரஞ்சின் கீழே படுத்து எழுந்தவர்கள் மூன்று பேர், "இன்னும் எவ்வளவு நேரம்னு கேட்டுட்டுப் போச்சே, அது உங்க பொண்ணா?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு ஏது பொண்ணு? அந்த மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

நிற டாக்டர் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எனக்கும் ஒரு கலர் எழுதிக் கொடு. ஒத்திகைக்குத் தாமதமாக வரும் கதாநாயகனைப் பார்த்தால் எனக்குச் சிவப்புதான் தெரிகிறது.

நீ சொன்னதற்கு விடை சுலபம். தாள் சூடேறினால் நெளியும், மொறுமொறுவென்று சத்தம் போடும். அரைத் தூக்கத்தில் கிடப்பவர் காதில் அது பேச்சு மாதிரி விழும். இருபது வருஷம் மேடை விளக்கோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன், நம்பு.

புதிதாக மூன்று தாள் அனுப்பியிருக்கிறேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிடு. ஞாபகம் அது இது என்று பெட்டியில் வைக்காதே.

அந்தப் பெண் வேறு ஏதாவது கேட்டதாகச் சொன்னார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புத் தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

பழைய தாளைப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். திட்டிக்கொள். புதியதை மாட்டினேன். அது சத்தமே போடவில்லை. அறைக்குள் உட்கார்ந்து நானே கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேங்க் அம்மா பாதியில் எழுந்து அழுதார். கட்டில் கால்மாட்டில் ஒரு பெண் நின்றதாம். கோபமாக இல்லை, நம்பிக் காத்திருக்கிறவள் மாதிரி பார்த்ததாம். "அண்ணா, ஒரே விளக்குன்னு சொன்னியே" என்று கேட்டதாம். என்னைப் போய் அண்ணா என்கிறாளே என்று அந்த அம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலும் குழப்பம்.

குட்டிக்கு நீ ஒருத்தன்தான் அண்ணன். நீ சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது?

அக்கா

மார்ச் 27

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கு நாடகம் இல்லை, விளக்கு ஒத்திகை. நான் ஒவ்வொரு விளக்காகத் திருப்பிச் சரிபார்க்கும்போது மேடையில் யாராவது நிற்க வேண்டும். எனக்காகக் குட்டி நின்றாள். நடுவில் தண்ணீர் குடிக்க இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை கொதித்தது. "அண்ணா, ஒரு மாதிரி இருக்கு. இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள்.

விளக்குச் சூடு என்று நினைத்தேன் அக்கா. மேடையிலிருந்து இறங்குகிற எல்லோர் கையும் அப்படித்தான் சுடும். "ஒரே விளக்குதான், போய் நில்லு" என்றேன். ஒன்பது விளக்கு பாக்கி இருந்தது. எனக்கு அது தெரியும்.

அவள் மறுபேச்சு பேசாமல் போய் நின்றாள். ஆரஞ்சு வெளிச்சத்தில் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. அந்த நிறத்தில் எவருக்கும் முகம் களையாகத்தான் தெரியும், அதற்காகத்தான் அதைப் போடுகிறோம். எல்லாவற்றையும் அணைத்த பிறகுதான் அவள் முகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம் நிற்க வைத்திருக்கிறேன்.

மூளைக் காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா" என்று டாக்டர் கேட்டபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். துக்கம் என்று நினைத்து உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆறு வருஷமாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

ஆனால் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. நானும் விளக்கின் கீழ் படுத்துப் பார்த்தேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்பது உன்னை.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. நீ வா. நான் உன்னோடு பேசுவேன் என்று நினைத்துக்கொண்டு வராதே.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

வியாழக்கிழமை நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. அரை மணி நேரம் போயிருக்கும். அப்புறம் நீ "போதும் குட்டி, இறங்கி வா" என்றாய். நாற்பது நிமிஷத்துக்கு வைத்த மணி அடிப்பதற்கு முன்பே சுவிட்சை அணைக்கிற சத்தம் கேட்டது.

நேற்று பேங்க் அம்மா ஆரஞ்சில் முழு நேரமும் படுத்திருந்தார். எழுந்து, "இன்னைக்கு வெறும் வெளிச்சம்தாங்க" என்றார், ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி. அவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியா, அவள் இனி வரவே மாட்டாள் என்கிற வேதனையா, எனக்குத் தெரியவில்லை.

என் கோபம் போகவில்லை. அது இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. கிளம்பும்போது படியில் என் கையைப் பிடித்தாயே, உன் கை சுட்டது. விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், அந்தச் சூடு என்றாய். நானும் கோபத்தில் சரி என்று விட்டுவிட்டேன். நேற்று பேங்க் அம்மா அதே விளக்கின் கீழே படுத்துவிட்டு வந்து கை கொடுத்தார். கை சில்லென்றுதான் இருந்தது.

காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. ஒத்திகையாக இருக்கலாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. மத்தியான பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ நன்றாக இருந்தால் நான் போன பிறகு இதைப் படி. இல்லாவிட்டால் படிக்க வேண்டாம், எழுந்து சட்டையை மாட்டிக்கொள், உடனே டாக்டரிடம் போகலாம்.

அன்புடன்,
அக்கா