கொதிக்கும் எண்ணெயை அள்ளிய கை

என் ஆசைத் தங்கச்சி ஜெபாவுக்கு,

உன் புருஷனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். போன வாரம் தென்காசி கோர்ட்டில் தீர்ப்பு. ஆனால் உன்னிடம் நான் சொல்ல வந்தது அதை அல்ல. உன் அக்கா நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

அன்றைக்கு அச்சன்புதூரில் உன் வீட்டு வாசலுக்கு நான் வந்தபோது, ஸ்டீபன் உன் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். கதவு நிலையில் உன் தலையை மோதினான். மூன்று தடவை. நான் கத்தியது உனக்குக் கேட்டதா? ஆம்புலன்ஸில் என் மடியெல்லாம் உன் ரத்தம், சூடாக. தென்காசி வருவதற்குள் போய்விட்டாய்.

அதன்பிறகு அவனை எத்தனை முறை மனதுக்குள் கொன்றிருப்பேன்! கோயிலில் ஆராதனைக்கு நடுவே முழங்கால்படியிட்டிருக்கும்போதுகூட அவன் கழுத்துதான் கண்ணில் நிற்கும். "ஆண்டவரே, இந்த நினைப்பை எடுத்துப்போடும்" என்பேன். எடுத்துவிடக் கூடாதே என்றும் உள்ளுக்குள் இருக்கும்.

ஜாமீனில் வந்தவன், சாரல் சீசனில் ஒரு மத்தியானம், குற்றாலத்தில் என் சிப்ஸ் கடைக்கே வந்து நின்றான். நான் கொதிக்கிற எண்ணெயில் நேந்திரங்காயைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கையில் புது பைபிள்.

"மதினி, ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு. நீங்களும் மன்னிச்சிருங்க."

"ஒனக்கு யாருலே சொன்னா?"

"ஜெபத்துல உணர்த்துனாரு மதினி. இப்ப மனசுக்குச் சமாதானம் வந்துட்டு."

சமாதானமா? எனக்கு ஒரு நாள்கூட வராதது அவனுக்கு வந்துவிட்டதா?

குழிக்கரண்டி நிறைய எண்ணெயை அள்ளி அவன் முகத்தைப் பார்த்து வீசினேன். சட்டென்று திரும்பிவிட்டான். காதிலும் கழுத்திலும் தோளிலும் விழுந்தது. சட்டையைப் பிய்த்தான், தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. ஈரத் தரையில் புரண்டு புரண்டு அலறினான். நான் இரண்டாவது கரண்டியை அள்ளிவிட்டேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி பாய்ந்து வந்து என் கையை முறுக்கியிராவிட்டால் அதையும் ஊற்றியிருப்பேன். அவன் அலறுவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஜெபா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரியில் அவன், கால் வழுக்கி அடுப்பின் மேல் விழுந்ததாகச் சொல்லிவிட்டான். அண்ணாச்சியும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவன் ஏன் என்பது பத்தாம் நாள் அவன் அம்மா வந்தபோதுதான் தெரிந்தது.

"ஏட்டி எஸ்தரு, எம்புள்ள ஒன்னைக் காட்டிக் குடுக்கல. நீயும் கோர்ட்டுல, ஒந் தங்கச்சி தடுக்கி விழுந்து தலையில அடிபட்டான்னு சொல்லிரு. ரெண்டு பேரும் தப்பிச்சிருவிய."

அவளை விரட்டிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். மூன்று நாள் யோசிக்கவும் செய்தேன். நான் ஜெயிலுக்குப் போனால் என் பிள்ளைகளின் கதி என்ன? நீயோ திரும்பி வரப்போவதில்லை. இப்படியெல்லாம் புத்தி போனது. உன்னை இன்னொரு முறை கொல்ல நானே தயாராகிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். என்னால் எழ முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகரான ஐயர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அவனை மன்னிச்சாத்தான் ஆண்டவர் என்னை மன்னிப்பாரா ஐயரே?"

"அதுக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியலம்மா. ஆனா செஞ்சத ஒளிச்சு வச்சுக்கிட்டு அவர்கிட்ட மன்னிப்பு கேக்க முடியாது."

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "எண்ணெய் தானா விழல. நான்தான் ஊத்துனேன்" என்றேன். "அவனே கம்ப்ளெயின்ட் குடுக்கல, ஒனக்கு என்னம்மா?" என்றார் அங்கிருந்தவர். எழுதிக்கொள்ளும்வரை எழுந்திருக்கவில்லை. என் மேல் கேஸ் ஆனது.

உன் வழக்கில் நான் கூண்டேறியபோது அவன் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பகையில எண்ணெய் ஊத்துன நீங்க பொய்ச் சாட்சியும் சொல்லுவீங்கதானே?"

"ஊத்துனது நெசம்யா. அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கிடுதேன். அவ தலைய மூணு தடவ நிலையில மோதுனதும் நெசம். ரெண்டையும் இந்தக் கண்ணுதான் பாத்துச்சு."

தீர்ப்பன்று போலீஸ் அவனை நடத்திக்கொண்டு போகும்போது எதிரில் போய் நின்றேன். காது கருகிச் சுருண்டிருந்தது.

"எண்ணெய் ஊத்துனது பாவம். என்னை மன்னிச்சிரு."

அவன் அழுதான். "நீங்க என்னை மன்னிச்சிட்டியளா மதினி?"

"இல்லலே."

அடுத்த மாதம் என் கேஸ் வருகிறது. குற்றத்தை ஒத்துக்கொள்ளப்போகிறேன். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டாரா, ஜெபா? எனக்குத் தெரியவில்லை. தினமும் கேட்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவனை மன்னிக்காமலே மன்னித்துவிட்டதாக ஆண்டவர் முன்னால் வேஷம் போட மாட்டேன். என்றைக்காவது அது உண்மையாகவே எனக்குள் வந்தால், முதலில் உன் கல்லறைக்கு வந்து உன்னிடம்தான் சொல்வேன். அன்றைக்கு நீ என்மேல் கோபப்படாமல் இரு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
உன் அக்கா எஸ்தர்