இருபத்து மூன்று இடது கைகள்

ஜூலை 8, செவ்வாய்

ஏழாம் வகுப்புக்குத் தினமும் ஐந்து ஆங்கிலச் சொற்கள் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பள்ளி திறந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்று பழைய சொற்களைக் கேட்டேன். முப்பத்து மூன்று பேரில் பத்துப் பேர்தான் பொருள் சொன்னார்கள். மற்றதுகள் என் முகத்தையே பார்க்கின்றன. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வருகிறாராம். தலைமையாசிரியை நீலாம்பாள் கூப்பிட்டு, "செவ்வந்தி, இங்கிலீஷ் உங்க பொறுப்பு. என் மானத்த வாங்கிடாதீங்க" என்றார்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிக் கொடுத்துவிட்டேன். சொற்களை அல்ல. "நாளைக்கு அதிகாரி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. வலது கை தூக்குனவங்கள மட்டுந்தான் நான் எழுப்பிப் பதில் கேப்பேன்."

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பரிதி எழுந்து, "பாதி தெரிஞ்சா டீச்சர்?" என்றான். சிரித்தேன். எப்படித்தான் சிரித்தேனோ!

ஜூலை 11, வெள்ளி

முப்பத்து மூன்று கைகள். அதிகாரி அசந்துபோனார். அடுத்த மாதக் கூட்டத்தில் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு என் முறையை விளக்கச் சொன்னார். முறையாம்! நீலாம்பாள் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

'நெய்பர்' என்றால் என்ன என்று கேட்டேன். ரிஃப்கா இடது கையைத் தூக்கினாள்.

"அதிகாரிதான் போயிட்டாரேம்மா. தெரியலன்னா தூக்க வேணாம்."

"தூக்காட்டி எனக்குத் தெரியலன்னு வெளிய நின்னு பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருமே டீச்சர்."

தெரியாததை மறைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்த வருடம் நான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான். சீ!

ஜூலை 16, புதன்

ரிஃப்காவின் அம்மா கமருன்னிஸா பள்ளிக்கே வந்துவிட்டார். போனில் அந்தப் படம். "இவ அத்தா துபாய்ல கூட இருக்கவங்க எல்லாருக்கும் காட்டிட்டாராம் டீச்சர். எம்பொண்ணு இங்கிலீஷ்ல கை தூக்குறான்னு. பாருங்களேன், சோத்துக்கை இருக்க எந்தக் கையத் தூக்கிருக்கான்னு. குறும்பு!"

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். இருபத்து மூன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதைப் படமும் பிடித்து அனுப்பியிருக்கிறோம். ஐந்து வாரமும் நான் அந்தப் பத்துப் பேருக்குத்தானே பாடம் நடத்தியிருக்கிறேன்? மீதிப் பேர் எதற்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்?

ஜூலை 17

கூட்டத்துக்கு வர இயலாது என்று எழுதிக் கொடுத்தேன். காரணம், உடல்நிலை. இதுவும் பொய்.

ஜூலை 18, வெள்ளி

கமருன்னிஸாவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். "டீ குடிக்கிறீங்களா டீச்சர்?" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

ஐந்து சொல் எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலம் வேண்டுமோ கேளுங்கள் என்றேன். பரிதிதான் முதலில் எழுந்தான். "எங்கப்பா காலைல மடை தொறக்கப் போனாரு. மடைக்கு என்ன டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக இங்கிலீஷ் டீச்சர்! வழக்கமாக, "நாளைக்குச் சொல்றேன், பாடத்தப் பாரு" என்று அதட்டியிருப்பேன். முப்பத்து மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

இடது கையைத் தூக்கினேன்.

வகுப்பே சிரித்தது. ரிஃப்கா மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தமிழ்-ஆங்கில அகராதியை எடுத்தாள். தரையில் வைத்து விரலால் வரி வரியாகத் தேடினாள். பாதிப் பாட வேளை போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

கடைசியில் அகராதியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "கெடச்சிருச்சு. இப்ப எந்தக் கையத் தூக்கணும் டீச்சர்?"

"எதையும் தூக்க வேணாம்மா. சத்தமாச் சொல்லு."

"ஸ்லூஸ்" என்றாள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும்.