வெந்நீர்த் தொட்டியின் வரிசை

யோரிகோவுக்கு,

பிரசவத்துக்கு வீட்டுக்கு வராதே என்று நான் சொன்னதும் போனை வைத்துவிட்டாய். உன் கல்யாணத்தில் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை என்றுதானே நினைத்தாய்? தீரவில்லைதான். ஆனால் காரணம் அது இல்லை.

என் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. லுட்டீஷியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை அடுத்த வாரம் ஊசியில் ஏற்றப் போகிறார்கள். அது நோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, படத்தில் காட்டியும் கொடுக்குமாம், கதிர்வீசிச் சுடவும் செய்யுமாம்.

"ரெண்டு வேலைக்கு ஒரே சம்பளமா?" என்று, தொழிற்சங்கத்தில் இருந்த பழக்கத்தில், டாக்டரைக் கேட்டேன்.

"ஐயா, நீங்க அந்த உலோகத்துக்கும் சங்கம் வெச்சுடுவீங்க போலிருக்கே!" என்றார்.

கொஞ்ச காலம் அந்தக் கதிர் என் உடம்பிலிருந்தும் வெளியே வரும். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் என் பக்கத்தில் இருக்கக் கூடாது. "வாயத் தொறந்து இதைச் சொன்னா முத்தா கொட்டிடும்?" என்று உன் அம்மா காலையிலிருந்து திட்டுகிறாள்.

நீ வா. நான் என் தம்பி வீட்டில் இருந்துகொள்கிறேன்.

டாக்டர் விட்டதும் திரும்பி வருவேன். நம் வீட்டில் எல்லோரும் வெளியே உடம்பைக் கழுவிக்கொண்டு, ஒரே தொட்டி வெந்நீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறோம். முதலில் இறங்குவது நான்; அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இனிச் சில வாரம் கடைசியாக இறங்கச் சொல்கிறார் டாக்டர். சில வாரம் என்ன, அப்படியே இருக்கட்டும். குழந்தை, நீ, அம்மா எல்லோரும் முதலில் குளியுங்கள். உன் புருஷனும் எனக்கு முன்னால் இறங்கட்டும்.

ஏறி வந்ததும் தொட்டியை மூடிவைக்கச் சொல் அவனிடம். ஆறிய தண்ணீரில் நான் குளிக்க மாட்டேன்.

உன் அப்பா