ஜாடியில் போட்ட சிப்பிகள்

மார்ச் 4, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டில் பதினான்காம் பக்கத்தை இன்று முடித்தேன். "கதவைத் திறக்கும் முன் இயந்திரம் முழுவதுமாக நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளவும்." பதினெட்டு வருடமாக இப்படி எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். இதை யாரும் படிப்பதில்லை என்பது கம்பெனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்கிற அளவில் எங்களுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது.

கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற ஒரே மனிதப் பிறவியாக நான் கண்டது என் மனைவியைத்தான். நானே படித்ததில்லை. அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். ஊரின் அந்தக் கோடி, இரண்டு பஸ் மாற வேண்டும்.

போகும்போது சண்டை ஏதும் இல்லை. "உங்ககிட்ட எதைச் சொன்னாலும் பதில் வரல, வசனம்தான் வருது. எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள். அதற்கும் என்னிடம் ஒரு வசனம் இருந்தது. நல்ல வசனம். சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

போனில் 'குட்டித்தீவு' என்று ஒரு விளையாட்டு. பதினோரு வருடத் திருமண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் தவறாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம், கடந்த ஆறு வருடமாக அதை ஆடியதுதான். தீவில் எங்களுக்கு ஒரு கூட்டு வீடு. வீட்டைச் சுற்றி அவள் போட்ட தோட்டம். கடற்கரையில் ஒரு விளையாட்டுக் கொட்டகை. அங்கே நண்டு அடிக்கலாம், வளையம் எறியலாம், பந்து உருட்டலாம். ஜெயித்தால் சிப்பி கிடைக்கும். அந்த ஊரில் சிப்பிதான் காசு. வீட்டுக் கூடத்தில் ஒரு பொது ஜாடி உண்டு, யார் எவ்வளவு போட்டார்கள் என்று அதன்மேல் எழுதியிருக்கும்.

அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிற விரல்கள். வளையம் எறிவதில் தீவிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை.

கொட்டகைக் கடைக்கு வருடத்தில் பத்து நாள் மட்டும் ஒரு நீலக் குதிரை வரும். விலை முப்பதாயிரம் சிப்பி. இரண்டு வருடத்துக்கு முன் எண்ணூறு சிப்பி குறைவில் அதைத் தவறவிட்டாள். கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. "குதிரை போனா என்ன, பக்கத்துல ஒரு கழுதை நிக்குதே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கழுதைக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

வீட்டை விட்டுப் போனபின் அவள் தீவுக்கும் வரவில்லை. நான் தினமும் போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நிஜ வீட்டின் தொட்டிச் செடிகள் காய்ந்துவிட்டன.

மார்ச் 11, செவ்வாய்

முன்பு சேர்த்ததெல்லாம் தோட்டத்துக்குச் செலவாகி, ஜாடி காலியாகக் கிடந்தது. இன்று அதில் இருநூற்று நாற்பது சிப்பி. நான் போட்டதல்ல.

மார்ச் 12, புதன்

இன்றும் முந்நூறு. காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் ஆடியிருக்கிறாள்.

எதற்கு? நாள் முழுக்க யோசித்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கான எச்சரிக்கையை அடுப்புக்கு எழுதி வைத்தேன். ஏப்ரல் கடைசியில் நீலக் குதிரை வரும். இந்த முறை விடக் கூடாது என்று இப்போதே சேர்க்கிறாள் போலிருக்கிறது. தனக்கென்று தனியாக வைத்துக்கொள்ளாமல் ஏன் பொது ஜாடியில் போட வேண்டும்? குதிரையை வாங்கினால் கூட்டு வீட்டு முற்றத்தில்தான் நிறுத்த முடியும். எங்கள் முற்றத்தில். போக நினைக்கிறவள் முற்றத்துக்குக் குதிரை வாங்குவாளா?

மாட்டாள். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், மாட்டாள்.

நாளையிலிருந்து நானும் போடுகிறேன். ஒன்றும் சொல்லாமல்.

மார்ச் 15, சனி

என் அக்கா போன் செய்தாள்.

"என்னடா, டொக்கு டொக்குன்னு சத்தம்?"

"நண்டு அடிக்கிறேன்."

"சமையலா? நீயா?"

"போன்லக்கா. விளையாட்டு."

"நாப்பத்தாறு வயசு. பொண்டாட்டி போய் நாலு மாசம். ஐயா உக்காந்து நண்டு அடிக்கிறாரு."

"அவளுக்காகத்தான் அடிக்கிறேன்."

"அவளுக்காகன்னா போய்க் கதவைத் தட்டு. நண்டைத் தட்டாதே."

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வசனத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கதவைத் தட்டி அவள் திறந்தால் என்ன சொல்வது? அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

மார்ச் 24, திங்கள்

நண்டு அடிப்பது நினைத்ததுபோல் சுலபமில்லை. ஒன்பது பொந்துகள். தலை நீட்டும் நண்டை உள்ளே போவதற்குள் அடிக்க வேண்டும். முள்நண்டை அடித்துவிட்டால் கையில் இருப்பதும் போகும். ஐம்பது ஆட்டத்துக்கு ஒரு முறை தங்க நண்டு வரும், அது ஒன்றுக்கே ஐந்நூறு. எனக்கு இதுவரை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதிய இடைவேளையில் ஆபீஸ் மாடிப்படியில் ஆடிக்கொண்டிருந்தபோது எங்கள் பிரிவுத் தலைவர் பின்னால் வந்து நின்றார். எந்தப் பேச்சையும் ஒரே சொல்லில் முடித்துவைப்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர்.

"என்ன இது?"

"பயனர் அனுபவ ஆய்வு, சார்."

ஒரு ஆட்டம் முழுவதும் நின்று பார்த்தார். "வலது கையை மட்டும் வச்சு அடிக்கிறீங்க. இடது ஓரத்துல எப்பவும் ரெண்டு சேர்ந்து வரும். இடது கட்டை விரலைச் சும்மா வச்சிருக்காதீங்க." பிறகு, "என் வீட்டுக்காரி நாலாவது வருஷமா ஆடறா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அவர் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

இடது கட்டை விரலையும் சேர்த்துக்கொண்டேன். அறுநூறு வந்தது. அவ்வளவையும் ஜாடியில் போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று காலை கொட்டகையில் அவள் இருந்தாள். அவளுடைய உருவம், மஞ்சள் தொப்பி, வளையம் எறிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். கையசைக்கும் பொத்தானை அழுத்தினேன். அவள் எறிந்துகொண்டிருந்த ஆட்டத்தை முடித்தாள். பிறகு திரும்பி, கையசைத்தாள்.

எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு வரி எழுதினேன். ஆறையும் அழித்தேன். ஆறுமே வசனம். "வா" என்று ஒரு எழுத்து அடிக்க முடியல. என்ன மனுஷன் நான்? அதற்குள் மஞ்சள் தொப்பி போய்விட்டது, வேலைக்கு நேரமாகியிருக்கும்.

ஆனால் கையசைத்தாள்.

ஏப்ரல் 19, சனி

வீட்டை ஒழுங்கு செய்தேன். புதுத் திரைச்சீலை. அவளுடைய அலமாரியில் நான் அடைத்து வைத்திருந்த பழைய செய்தித்தாள்களைத் தூக்கிப் போட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அருவிப் பக்கத்துல வீடு கிடைக்கலைன்னு எத்தனை பேர் ஏங்கறாங்க" என்பேன். இன்று குழாய் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டேன்.

"ஒரு வாஷர்தான் சார் போயிருக்கு. பத்து நிமிஷம்."

எட்டே நிமிடத்தில் முடித்தார்.

ஏப்ரல் 26, சனி

நீலக் குதிரை கடைக்கு வந்துவிட்டது. ஜாடியில் முப்பதாயிரத்துக்கு இன்னும் தொள்ளாயிரம் குறைவாக இருந்தது. காலையில் உட்கார்ந்தவன் மதியம்தான் எழுந்தேன், கட்டை விரல் வீங்கிவிட்டது. முப்பதாயிரம் நிறைந்தது. அதில் பதினாறாயிரத்துச் சொச்சம் என்னுடையது. பெருமையாக இருக்கிறது, சொல்லிக்கொள்ள ஆளில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நானே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அந்தப் பொத்தானை அவள்தான் அழுத்த வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜாடி காலி. முற்றத்தில் குதிரை இல்லை.

தோட்டமும் இல்லை. வேலி, கிணறு, அவள் வரிசை வரிசையாக நட்டதெல்லாம் போய், வெறும் மணல். கூடத்தில் இரண்டு நாற்காலி இருந்த இடத்தில் ஒன்று. திரையில் வண்ணக் காகிதம் தூவிக்கொண்டே ஒரு செய்தி வந்தது: தனிச் சாவி வாங்கப்பட்டது, இருவருக்கும் வாழ்த்துகள்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக உதவிப் பக்கத்தைத் திறந்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்:

"கூட்டு வீட்டிலிருந்து தம் தோட்டத்துடன் பிரிந்து செல்ல விரும்புபவர் தனிச் சாவி வாங்க வேண்டும். விலை முப்பதாயிரம் சிப்பி. பொது ஜாடியிலிருந்து மட்டுமே வாங்க முடியும். அதில் பாதியேனும் மற்றவர் போட்டதாக இருக்க வேண்டும். அதுவே அவரது சம்மதமாகக் கொள்ளப்படும்."

நல்ல நடை. ஒரு சொல் அதிகமில்லை. நான் எழுதியிருந்தால் குழப்பியிருப்பேன்.

பாதி போதும்னு போட்டிருக்கே. நான் பாதிக்கு மேலயே போட்டேனே. விரல் வீங்க வீங்க... ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் படிச்சிருந்தா — ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆபீஸ் போகவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மதியம் போன் வந்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் குரல்.

"வேலையா இருக்கீங்களா?"

"இல்ல."

"ஜாடியைப் பாத்திருப்பீங்க."

"ம்."

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் நான் பாட்டுக்குச் சேத்துட்டிருந்தேன். தோட்டத்தை விட்டுட்டு வர மனசில்ல. என் பங்கு சேர்ந்ததும் நேர்ல வந்து உங்க பங்கைக் கேக்கலாம்னு இருந்தேன். நீங்க என்ன சொல்வீங்கன்னு ஒத்திகையெல்லாம் பாத்தேன். அப்புறம் பாத்தா, நான் கேக்காமலே நீங்களே போட ஆரம்பிச்சுட்டீங்க. மொத நாள் ஜாடி மேல உங்க பேரை ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒரு கிண்டல் இல்ல, ஒரு வார்த்தை இல்ல. நீங்க எனக்குப் பண்ணதுலயே பெரிசு இதுதாங்க. அக்காகிட்ட சொல்லி அழுதேன். நீங்க எதையும் படிக்க மாட்டீங்க. ஆனா அந்த உதவிப் பக்கத்தைப் படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். பதறிப்போவாள். இரக்கப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்துகூட விடுவாள். வந்து, ஒழுகாத குழாயைப் பார்த்து, இன்னும் சில வருடம் இருந்துவிடுவாள். ஒரு நிமிடம், அது போதும் என்றே எனக்குத் தோன்றியது.

"படிச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். எவ்வளவு லேசான குரல். கல்யாணமான புதிதில் கேட்டது.

"வக்கீல்கிட்ட சொல்லிப் பேப்பர் அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

மே 10, சனி

பேப்பர் வந்தது.

ஜூன் 19, வியாழன்

கையெழுத்துப் போட்டாயிற்று. குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி, மின்விசிறி சுற்றும் அறை, அலுவலர் தலை நிமிராமல் "மனமொத்துத்தானே?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றோம். இப்படிச் சேர்ந்து பேசி எத்தனை வருடமாகிறது என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

கீழே அவள் ஆட்டோ பார்க்கச் சாலைப்பக்கம் போனாள். அவளுடைய அக்கா மட்டும் என்னிடம் வந்தார். கல்யாணத்தன்றிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தவர்; அந்தப் பார்வையில் தவறில்லை.

"உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன் தம்பி. எல்லாத்தையும் சொன்னா. இந்தக் காலத்துல எந்த ஆம்பளைக்கு இவ்வளவு மனசு வரும்? பிடிச்சு வைக்கத்தான் பாப்பாங்க. நீங்க நல்லா இருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்க்கா" என்றேன்.

ஆட்டோ வந்தது. அவள் ஏறி, நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டாள். தலையை வெளியே நீட்டி, "உடம்பைப் பாத்துக்கங்க" என்றாள். தலையாட்டினேன்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல அந்தப் பாராட்டு கையில் கனத்தது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் கொடுப்பவர், "எத்தனை பேர்?" என்று கேட்டார். ஒருத்தர் என்றேன்.