நூறைத் தொடாத பால்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் காய்ச்சல் பார்ப்பதற்கு என்று நினைத்து மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைத்துவிடாதே. இது சமையலுக்கான தெர்மாமீட்டர். நுனியை உள்ளே செருகினால் சூடு எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லிவிடும்.

எங்கள் பாத்திரக் கடையில் இதில் பல வகை இருக்கிறது. கடையில் வேலை பார்ப்பதற்கு இதுவாவது லாபம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் பொறுக்கினேன். கண்ணாடிக் குழாய் வேண்டாம், உடைந்தால் கதை கந்தல். வட்டமும் முள்ளும் வைத்தது யோசித்து யோசித்துச் சொல்லும், அதற்குள் கறி கருகிவிடும். இது கண்மூடித் திறப்பதற்குள் சொல்லும். நுனி ஊசி மாதிரி மெல்லிசு, கறியில் பெரிய ஓட்டை விழாது. எண்களும் பெரிது. அத்தான் மூக்குக் கண்ணாடியைத் தேடி வீட்டைச் சுற்ற வேண்டாம். ஒரே ஒரு குறை, இதை முழுசாகத் தண்ணீரில் முக்கக் கூடாது. நுனியை மட்டும் கழுவித் துடைத்தால் போதும்.

எதற்கு அனுப்பினேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு டெப்போ விருந்தில் சாப்பிட்டுவிட்டு அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து, உன் கையைத் தவிர வேறு கை சமைத்ததை அவர் தொடுவதில்லை. பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தால் நீ ஒரு ராத்திரி வெளியே தங்கி எத்தனை வருஷமாச்சு? மாடி வீட்டு டீச்சர் ஒரு மாதம் சாப்பாடு தருகிறேன் என்று தானாகவே சொன்னாரே. அத்தான் இதைச் செருகிப் பார்க்கட்டும், எண் சரியாக இருந்தால் சாப்பிடட்டும். மனுஷரை நம்ப வேண்டாம், எண்ணை நம்பட்டும். டெப்போவில் பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிறவர் எண்ணை நம்பாமல் இருப்பாரா?

மே மாதம் நடுவில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்கிறார். என் வீட்டுக்காரர் லாரியோடு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. போன தடவை வயிற்றில் இருந்தது கலைந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடந்தேன். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இந்தத் தடவை நீ பக்கத்தில் இருந்தால் போதும் அக்கா, எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் செல்லம்,
வாலு

மார்ச் 15

என் வாலுவுக்கு,

அக்காவின் முத்தங்கள். மருந்தெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடையில் நின்றுகொண்டே இருக்காதே, முதலாளி முறைத்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள். போனில் இதையெல்லாம் கேட்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடு என்கிறார். கடிதம் என்றால் அவருக்குப் படிக்கச் சோம்பல். ஆகவே இதில்தான் நான் வாய்விட்டுப் பேச முடியும்.

நீ அனுப்பியது வந்தது. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது அதுதான் குடியிருக்கிறது. முதல் நாள் கோழி வைத்தேன். தொடையில் ஒரு குத்து, நெஞ்சில் ஒரு குத்து. வெந்ததற்கு அடையாளமாக எழுபத்து நாலு என்று வந்ததும் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சரி, வழி பிறந்தது என்று நினைத்தேன்.

ஆனால் மறுநாள் பருப்பைக் குத்தினார். அப்புறம் சோறு, அப்புறம் முட்டை. நேற்றுத் தயிரையும் குத்திவிட்டு, "தயிருக்கு எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் நான் போட்டதைத் தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டவர். இப்போது அவர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டும் வரை நான் கரண்டியோடு நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது. ஆறிவிட்டது என்பதையும் அதுவே அவருக்குச் சொல்லிவிடுகிறது, பிறகு மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும்.

இது புது ஆசை, கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். மேயில் நான் அங்கே இருப்பேன். கவலைப்படாதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

தயிர் விஷயத்தைக் கடையில் சொன்னேன். கல்லாவில் இருக்கிற அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீ நின்றுகொண்டிருக்கிறாய் என்று எழுதினாயே, அது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அத்தானிடம் இரண்டு விஷயம் சொல். கறியில் செருகும்போது தடியான இடத்தில் செருக வேண்டும், எலும்பில் முட்டக் கூடாது. சட்டியின் அடியிலும் படக் கூடாது. எலும்பும் சட்டியும் காட்டுகிற சூடு கறியின் சூடு இல்லை. அப்புறம், பருப்பையும் சோற்றையும் விட்டுவிடச் சொல். அதெல்லாம் பார்த்தாலே தெரியும்.

டீச்சர் சாப்பாட்டை ஒரு நாளாவது கொடுத்துப் பழக்கு. ஏப்ரலுக்குள் பழகினால்தானே மேயில் நீ கிளம்ப முடியும். குழந்தை நேற்றிலிருந்து பலமாக உதைக்கிறது. பெரியம்மாவைக் கூப்பிடுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வாலு

ஏப்ரல் 9

என் வாலுவுக்கு,

கால் வீங்குகிறதா? தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் படு.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை கோழி செய்து மூடிபோட்ட சட்டியோடு கொண்டுவந்தார். எண்பத்து ரெண்டு காட்டியது. எனக்கு உயிர் வந்தது. உன் அத்தான் எண்ணைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், சட்டியை மூடினார்.

"இப்ப சூடா இருக்கு, சரி. வெட்டறப்ப கத்தி எப்படி இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

டீச்சர் சட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார். அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? அன்று சாயங்காலம் உன் அத்தான் என்னிடம் ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார். "உன் கையும் வேணும், இந்த நம்பரும் வேணும். ரெண்டும் சேர்ந்தாதான் எனக்கு நிம்மதி" என்றார். முன்பு ஒரு பூட்டுதான் இருந்தது. நல்லது செய்வதாக நினைத்து நீ இன்னொரு பூட்டு வாங்கி அனுப்பியிருக்கிறாய். உன் மேல் கோபம் இல்லை, நானும்தானே ஆசையாகப் பார்சலைப் பிரித்தேன்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. கிருமி இருக்கும் என்று ராத்திரி அதை முழுசாகச் சோப்பு வெந்நீரில் ஊறப் போடுகிறார். கூடாது என்று நீ எழுதியதைச் சொன்னேன். கடைக்காரிக்குக் கிருமியைப் பற்றி என்ன தெரியும் என்றார். இப்போது சில நாளாகப் பால் காய்ச்சினால் நூறு காட்டுவதே இல்லை. தொண்ணூற்றைந்திலேயே நிற்கிறது. பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். அவர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொதிக்கலை, வை" என்கிறார். என் கண் முன்னால் பொங்குகிறது, வாலு. கொதிக்கவில்லை என்கிறார். கோழியும் அப்படித்தான், எழுபத்து நாலு வருவதற்குள் நார் நாராகிவிடுகிறது. உன் கைப்பக்குவம் போய்விட்டது என்று அதற்கும் எனக்குத்தான் திட்டு.

ஜன்னலைத் திறந்து வைத்தாலும் மூச்சு முட்டுகிறது. மே பற்றி இப்போது எதுவும் உறுதியாக எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதேன். உனக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். நாள் முன்னாடியே வந்தாலும் வரலாம், தனியாக இருக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்கிறார். இவர் நேற்றுத்தான் லாரி எடுத்துக்கொண்டு போனார்.

தெர்மாமீட்டருக்குள் தண்ணீர் போய்விட்டது என்று நினைக்கிறேன். கடையில் சந்தேகம் வந்தால் நாங்கள் ஒன்று செய்வோம். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, அது நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நுனியை நடுவில் பிடிப்போம். சைபர் காட்ட வேண்டும். எந்த வீட்டில் செய்தாலும் சைபர்தான். காட்டவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது. அத்தான் கண் முன்னாலேயே செய். அவர் கண்ணால் பார்த்தால் அதை விட்டுவிடுவார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வாலு

ஏப்ரல் 29

என் வாலுவுக்கு,

இன்று காலை அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையாலேயே தெர்மாமீட்டரைப் பிடிக்கச் சொன்னேன். நீ எழுதியபடி ஐஸ், தண்ணீர், கலக்கல் எல்லாம். மைனஸ் ஐந்து காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே மைனஸ் ஐந்து.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். அஞ்சு குறைச்சுக் காட்டுது, அதனாலதான் பால் நூறு வரலை, கோழியும் அதனாலதான் வறண்டு போகுது, என் கைப்பக்குவம் எங்கேயும் போகலை என்றேன்.

அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சொன்னார், "ஐஸ்லதான் ஏதோ கோளாறு."

வாலு, எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வருஷமாக இந்த மனிதரிடம் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லி ஜெயித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பயம் தெளிந்ததும் விடுவார், புரிந்ததும் விடுவார், அப்போது கிளம்பலாம் என்று காத்திருந்தேன். ஐஸுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்?

அந்த இடத்திலேயே, நான் வாலு வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அப்ப நான் என்ன சாப்பிடறது?" உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை என் கால் பின்வாங்கியிருக்கும். கேட்கவில்லை.

பெட்டியைக் கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்தாலும் சேருவேன். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வை.

அக்கா

மே 24

அன்புள்ளவளுக்கு,

நலம். உன் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து இருவரும் சுகம் என்று சகலை தகவல் சொன்னார். மகிழ்ச்சி. குழந்தைக்கு என் ஆசிகள்.

இங்கே எனக்குச் சாப்பாடு சரியில்லை. ரொட்டியும் பழமும் சாப்பிடுகிறேன். இளைத்துவிட்டேன் என்று டெப்போவில் எல்லாரும் சொல்கிறார்கள். மாடி வீட்டு டீச்சர் என்னிடம் பேசுவதில்லை.

பால் காய்ச்ச முயன்றேன். எவ்வளவு நேரம் வைத்தாலும் நூறு வரவில்லை. நேற்றுப் பாத்திரம் வற்றி அடிப்பிடித்துக் கறுப்பாகிவிட்டது. அப்போதும் தொண்ணூற்றைந்துதான். நீ எப்படிக் காய்ச்சினாய்? தீயைக் கூட்ட வேண்டுமா? வீட்டில் புகை. பேட்டரியும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

உன் கையால் சாப்பிட்டால்தான் எனக்கு உடம்பு தேறும். நீ எப்போது வருகிறாய் என்று தேதி குறிப்பிட்டு எழுதவும்.

உன் கணவன்

ஜூன் 2

அன்புள்ள உங்களுக்கு,

இளைத்துவிட்டீர்கள் என்று படித்ததும் மனம் கஷ்டப்பட்டது. பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் உங்கள் தட்டைப் பார்த்தே என் நாள் ஓடியது, அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

குழந்தை வாலுவின் மூக்கையும் எங்கள் அப்பாவின் பிடிவாதத்தையும் கொண்டு வந்திருக்கிறாள். தினமும் நான்தான் குளிப்பாட்டுகிறேன். வெந்நீரைக் கலந்து முழங்கையை முக்கிப் பார்க்கிறேன். இதுவரை அவள் என் முழங்கையைச் சந்தேகப்படவில்லை. பிரசவத்தன்று வாலு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விழுந்த நகக்காயம் இன்னும் ஆறவில்லை. நான் வராமல் இருந்திருந்தால் அந்தக் கை எதைப் பிடித்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

பால் எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரத்தைப் பார்த்துக் காய்ச்சினேன். பால் பொங்கி மேலே எழும்பினால் கொதித்துவிட்டது. அடுப்பை அணைத்துவிடுங்கள்.

எப்போது வருகிறாய் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நம்புகிற கடையில், உங்கள் கையாலேயே ஐஸ் வாங்குங்கள். டம்ளரில் நொறுக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தெர்மாமீட்டரை நடுவில் பிடியுங்கள். அது என்ன காட்டுகிறது, அது யாருடைய கோளாறு என்று நினைக்கிறீர்கள், இரண்டையும் உள்ளபடி எனக்கு எழுதுங்கள். தேதியைப் பற்றி அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு யோசிக்கிறேன்.

குழந்தை விழித்துவிட்டாள், போகிறேன். ரொட்டியோடு ஒரு முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி