மேனேஜர் வீட்டு லவ் பேர்ட்ஸ்

அன்புள்ள மனைவிக்கு, உன் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம்.

என் விடுப்பைத் திரும்பத் திரும்ப மறுத்த மேனேஜர், தன் லவ் பேர்ட்ஸ் குஞ்சு பொரிக்க என்னையே இடம் அமைக்கச் சொன்னான். மரப்பெட்டியில் துளையிட்டு, மரத்தூள் பரப்பி, கூண்டின் இருட்டு மூலையில் மாட்டினேன். அலகுக்கு மேலே நீலமாக இருந்தால் ஆண்; இரண்டுக்குமே நீலம். சொல்வேனா?

முட்டையைக் காணோமே என்று அவன் கேட்டபோது, "புது இடம் சார், வெக்கப்படுதுங்க" என்றேன்.

"குஞ்சு பொரிச்சதும் நீ ஊருக்குக் கிளம்புய்யா" என்கிறான் இப்போது.

ரகசியமாக ஒன்றை எடுத்துவிட்டு ஒரு பெண் பறவையை விட்டால் நான் வந்துவிடலாம். ஆனால் தினமும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தொங்கிப்போகும் அவன் முகத்தை இழக்க மனமில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஏமாறட்டும்.

உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு, தலையணைக்கு உறை இல்லை. துவைக்க வேண்டாம்.

"முட்டை வந்துதாய்யா?" என்று கத்துகிறான். போகிறேன்.

உன் கணவன்